‘கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை’ என்றால் கிருமியே இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே பள்ளமாக இருந்ததால் நான்கு மாதம் முன்பு தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் ஏற்றிக்கொண்டேன். முதல் மாதம் நன்றாக இருந்தது. ஆறாவது வாரம் ‘டச்-அப்’ என்று சொல்லி, அன்று எடுத்து வைத்திருந்த கொழுப்பையே வலது கன்னத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். அதன்பின் மூன்று வாரத்தில் அங்கே கடலை அளவுக்கு ஒரு கட்டி வந்தது. இப்போது மூன்று இருக்கின்றன. தோல் கருஞ்சிவப்பாகிவிட்டது. அழுத்தினால்தான் வலி, காய்ச்சல் இல்லை. ஒன்று உடைந்து நீர்த்த சீழ் வந்தது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், இரண்டாவது லீவோஃப்ளாக்சசின். கேட்கவில்லை. சீழ் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை’ என்று இருக்கிறது. ஏற்றிய டாக்டர், ‘கொழுப்பு கட்டியிருக்கிறது, ஸ்டீராய்டு ஊசி போட்டால் கரையும்’ என்கிறார். எங்கள் குடும்ப டாக்டர் டிபியாக இருக்கலாம், ஆறு மாத மாத்திரை தொடங்கலாம் என்கிறார். ஆனால் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ். இடது கன்னத்திலும் ஒரு சின்ன உருண்டை இருக்கிறது. அது வலிப்பதே இல்லை. யார் சொல்வதைக் கேட்பது? பிறகு இந்த இடத்தை மறுபடி சரிசெய்ய முடியுமா?

பதில்: ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். டிபி மாத்திரையும் இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். மூன்றாவதாக இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், “சதை எடுத்துச் சோதித்துவிட்டுத் தொடங்கலாமா டாக்டர்?” என்று கேளுங்கள். காய்ச்சல் இல்லை, சிவப்பு நாளுக்கு நாள் பரவவில்லை என்றால் உங்களுக்கு ஒன்றிரண்டு வார அவகாசம் இருக்கிறது. அதற்குள் சரியான மாதிரியை எடுத்து, சரியான சோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். உங்களுக்கு இதுவரை நடக்காதது அது ஒன்றுதான்.

கொழுப்பு ஏற்றியபின் வரும் கோளாறில் நாங்கள் முதலில் பார்ப்பது தேதி. ஊசி உள்ளே இருக்கும்போதோ, அடுத்த சில நிமிடங்களிலோ வருவது ரத்தக்குழாய் அடைப்பு. முதல் மூன்று நாளுக்குள் மூச்சுத்திணறலும் மனக்குழப்பமும் வந்தால், கொழுப்பு நுரையீரலுக்குப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கொதிக்கும் சூடும் விண்விண் என்ற வலியும் கெட்டியான மஞ்சள் சீழுமாக வருவது ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற வழக்கமான கிருமியின் வேலை. அது சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும், சாதாரண கல்ச்சரில், அதாவது கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளரும். மூன்று வாரம் கழித்து, சிலருக்கு மூன்று நான்கு மாதமும் கழித்து, சத்தமில்லாமல் கருஞ்சிவப்பாக எழும்பி, ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, உடைந்து நீர்த்த சீழ் கசிந்து, மேலே பொருக்குத் தட்டி, ஆறிய மாதிரி காட்டி, மறுபடி கசிவது இன்னொரு இனம். உங்கள் வலது கன்னம் சொல்வது அந்தக் கதையைத்தான்.

நான் முதலில் சந்தேகப்படுவது காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாவை. மருத்துவர்கள் சுருக்கமாக என்டிஎம் என்பார்கள். காசநோய்க் கிருமிக்கு இவை பங்காளிகள். ஆனால் குணம் வேறு, மருந்தும் வேறு. அழகு அறுவையில் அடிக்கடி மாட்டுபவை மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ், கெலோனே, ஃபார்ச்சூட்டம் என்ற மூன்றும். இவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இருமலில் தொற்றுபவை அல்ல. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்பவை. குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டு, குளோரினையும் தாங்கிக்கொண்டு இருக்கும். நம் ஊரில் லேப்ராஸ்கோப்பி செய்தபின் தொப்புள் துளையில் மாதக்கணக்கில் ஆறாமல் கசியும் புண்ணுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதே கூட்டம்தான். அதனால் பொது அறுவை மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. உங்கள் ஊரில் தொற்றுநோய் நிபுணர் கிடைக்காவிட்டால் அனுபவமுள்ள ஓர் அறுவை மருத்துவரையே முதலில் பாருங்கள். வெளிநாட்டிலும் இதே கதைதான்: டொமினிக்கன் குடியரசுக்குப் போய் மலிவாக அழகு அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பியவர்களுக்கு அப்செஸ்ஸஸ் வந்ததை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2003-04லும், பத்து ஆண்டு கழித்து மறுபடியும் பதிவு செய்தது.

கிருமி உள்ளே போகும் வழி பெரும்பாலும் கேனுலாதான். கொழுப்பை உறிஞ்சும் குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம், ஒரு சாண் நீளம். ஏற்றும் குழாய் அதைவிட மெல்லியது. உள்ளே கொஞ்சம் கொழுப்போ ரத்தமோ காய்ந்து ஒட்டியிருந்தால் ஆட்டோகிளேவின் நீராவி அங்கே எட்டாது. பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு நீராவியில் 121 டிகிரியிலோ 134 டிகிரியிலோ குறித்த நேரம் வைத்தால்தான் அது சுத்தம். ‘மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தோம்’ என்பது போதாது. குளூட்டரால்டிஹைடு கரைசலை இந்த இனத்தில் சில வகைகள் தாங்கிக்கொள்ளும். அதில் ஊறவைத்ததைக் கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசினால் அத்தனை பாடும் வீண்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘எடுத்து வைத்திருந்த கொழுப்பையே’ ஏற்றினார்கள் என்பது. அன்றன்றைக்கு எடுத்த கொழுப்பே புது இடத்தில் முதல் சில நாள் சொந்த ரத்தக்குழாய் இல்லாமல், பக்கத்துத் திசுவிலிருந்து ஊறும் நீரை நம்பித்தான் பிழைக்கிறது. சாதாரண ஃப்ரீசரில் ஆறு வாரம் கிடந்த கொழுப்பில் பனிப்படிகம் செல் சவ்வைக் கிழித்திருக்கும்; பெரும்பகுதி செத்த சதை. ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளணுவும் போகாது, மாத்திரையும் போய்ச் சேராது. கிருமியோ உறைகுளிரிலும் சாகாது. சிவந்து உடையும் கட்டிகள் டச்-அப் செய்த வலது கன்னத்தில் மட்டும், அதுவும் சரியாக மூன்று வாரம் கழித்து வந்திருப்பது தற்செயல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் இது சந்தேகம் மட்டுமே. உறுதி செய்ய வேண்டியது ஆய்வகம்.

இனி உங்கள் ரிப்போர்ட்டுகளுக்கு வருவோம். ‘48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை’ என்றது பொய்யல்ல. ஆய்வகம் தன்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. சாதாரண கல்ச்சர் தட்டை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போட்டுவிடுவார்கள். மைக்கோபாக்டீரியாவில் ‘வேகமாக வளர்பவை’ என்று பெயர் எடுத்தவைகூட நன்றாக வளர்ந்து பழகிய தட்டிலேயே ஏழு நாள்வரை எடுத்துக்கொள்ளும். சீழிலிருந்தோ சதையிலிருந்தோ முதல்முறை வளர்க்கும்போது இன்னும் நாளாகும். ‘மைக்கோபாக்டீரியா தேடவும்’ என்று படிவத்தில் எழுதாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். இன்னொரு பொறியும் உண்டு. சில ரிப்போர்ட்டில் ‘டிப்தீராய்ட்ஸ், தோலில் உள்ள கிருமி, பொருட்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் இந்த மைக்கோபாக்டீரியா சில நேரம் அப்படித்தான் தெரியும். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஜீன்எக்ஸ்பர்ட் தேடுவது காசநோய்க் கிருமிக் குடும்பத்தின் மரபணுவையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும்தான். நான் சொல்லும் பங்காளிகள் மாதிரியில் நிறைய இருந்தாலும் அது நெகட்டிவ் என்றே காட்டும். ஆகவே உங்கள் நெகட்டிவ், டிபிக்கு எதிரான ஒரு சாட்சி. என்டிஎம் விஷயத்தில் அது எதுவும் சொல்லவில்லை. உங்கள் குடும்ப டாக்டர் டிபியை நினைத்ததில் தவறே இல்லை. உலகத்திலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாடு நம்முடையது. தோலிலும் கொழுப்பிலும் டிபி வரும். கிருமி குறைவாக இருக்கும் சதையில் ஜீன்எக்ஸ்பர்ட் அதைத் தவறவிடுவதும் உண்டு. ஆனால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பயாப்ஸியில் ‘கிரானுலோமா இருக்கிறது, டிபிக்குப் பொருந்தும்’ என்று வரும். கிரானுலோமா என்பது எதையோ எதிர்த்து உடம்பின் செல்கள் திரண்டு கட்டும் முடிச்சு. அது என்டிஎம்மிலும் வரும், சில பூஞ்சைகளிலும் வரும், முகத்தை உப்பவைக்க முன்பு போட்ட ஃபில்லர் மருந்தைச் சுற்றியும் வரும். அந்த ஒரு வரியை வைத்து நான்கு மருந்து தொடங்கிவிட்டால், உள்ளே இருப்பது அப்செஸ்ஸஸ் எனில், ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்குமே அதனிடம் எடுபடாது. ஆறு மாதம் கல்லீரல்தான் பாரம் சுமக்கும். அதோடு, பின்னால் என்டிஎம்முக்குத் தேவைப்படும் கிளாரித்ரோமைசின் என்ற மருந்தின் அளவை ரிஃபாம்பிசின் ரத்தத்தில் குறைத்தும் விடும்.

ஸ்டீராய்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. கிருமி இல்லாத கிரானுலோமாவுக்கு டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். ஆனால் சீழ் வந்த கட்டியில், மைக்கோபாக்டீரியா கல்ச்சர் முடிவு வரும் முன் அதைப் போடுவது வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது காவல்காரனை அனுப்பிவிடுவது. இரண்டு வாரம் வீக்கம் வற்றிய மாதிரி தெரியும். பிறகு பக்கத்தில் புதுக் கட்டி எழும். தோலும் மெலிந்து குழியும்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் முகத்துக்கு அல்ட்ராசவுண்ட், வயிற்றுக்கு வைக்கும் புரோப் அல்லாமல் 15 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத லீனியர் புரோப்பில். சீழ்க்கட்டி என்றால் ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், அழுத்தினால் உள்ளே துகள் நகரும், சுற்றி டாப்ளரில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும். ஆழம் எவ்வளவு, கட்டிகள் ஒன்றோடொன்று சுரங்கம் போட்டிருக்கின்றனவா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது ஃபில்லர் போட்டிருந்தால் ஸ்கேன் பார்ப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிலிக்கான் இருந்தால் பனிப்புயல் மாதிரி வெளுப்பாகத் தெரியும், கதையே மாறிவிடும்.

அடுத்தது மாதிரி எடுப்பது. இங்கேதான் நாலு காசு பெறாத தவறுகளால் நாலு மாதம் போகிறது. கசியும் துளையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினால் பயனில்லை. இந்தக் கிருமியின் சுவர் முழுக்க மெழுகு. குச்சியில் ஒட்டினால் விடாது, அதோடு குச்சியில் வருவது மேல்தோல் கிருமிகளின் கூட்டம். உடையாத கட்டி ஒன்றிலிருந்து, நல்ல தோலைச் சுத்தம் செய்து, அதன் வழியாகத் தடித்த 18 கேஜ் ஊசியில் சீழை உறிஞ்ச வேண்டும். கிடைத்த அளவு முழுவதும் போகட்டும். 2 மில்லி கிடைத்தால் நல்லது. சீழோடு கட்டியின் சுவரிலிருந்து ஒரு துண்டு சதையும் வேண்டும். சீழைவிடச் சதையில்தான் கிருமி பிடிபட வாய்ப்பு அதிகம். 4 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்ஸி பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். உங்கள் நோய் தோலுக்குக் கீழே கொழுப்பில் இருக்கிறது. ஏற்கெனவே உடைந்த துளையை நடுவில் வைத்து, கன்னத்து வரியோடு ஓடும்படி சின்ன நீள்வட்டமாகக் கீறி, கீழே உள்ள கொழுப்போடு எடுத்தால் தழும்பு கூடாது. அந்தத் துளை எப்படியும் தழும்பாகத்தான் போகிறது. தழும்பு தெரியக் கூடாதென்று வாய்க்குள்ளிருந்து கீறலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வாயிலுள்ள கிருமி கல்ச்சரைக் கெடுக்கும், சுத்தமான உட்கன்னத்துக்கும் தொற்று பரவும்.

எடுத்த சதையை அந்த மேசையிலேயே இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதி ஃபார்மலினில், நோய்க்குறியியல் சோதனைக்கு. மறுபாதி மருந்து எதுவும் இல்லாத மூடி போட்ட ஸ்டெரைல் டப்பாவில், உலராமல் இருக்க இரண்டு மூன்று மில்லி ஸ்டெரைல் சலைன் விட்டு, கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆருக்கும். ஆபரேஷன் தியேட்டர்களில் பயாப்ஸி டப்பா என்றாலே ஃபார்மலின் ஊற்றியே வைத்திருப்பார்கள். பழக்கத்தில் இரண்டு துண்டும் அதற்குள் போய்விடும். ஃபார்மலின் பட்டால் கிருமி செத்தது. கல்ச்சர் அத்தோடு முடிந்தது. அதனால் உள்ளே போகும் முன்பே நர்ஸிடம், “சிஸ்டர், கல்ச்சருக்கு ஃபார்மலின் இல்லாத டப்பா வேண்டும்” என்று சொல்லி, அதன்மேல் அப்படியே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். சதையையோ டப்பாவையோ குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. அந்தத் தண்ணீரில் இருக்கும் மைக்கோபாக்டீரியாவே தட்டில் வளர்ந்து ஆளைக் குழப்பும்.

படிவத்தில் உங்கள் மருத்துவர் எழுத வேண்டியவை இவை: ‘கொழுப்பு ஏற்றிய பின் ஆறாத கட்டி, என்டிஎம் சந்தேகம்’ என்ற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். சாதாரண கல்ச்சர், பூஞ்சைக் கல்ச்சர், ஏஎஃப்பி ஸ்மியர் (மாதிரியைச் சாயமேற்றி மைக்கோபாக்டீரியாவை மைக்ராஸ்கோப்பில் தேடுவது), மைக்கோபாக்டீரியா கல்ச்சர். கடைசியாகச் சொன்னதைத் திரவ ஊடகம், திட ஊடகம் இரண்டிலும், 37 டிகிரியில் ஒன்று, 30 டிகிரியில் ஒன்று என வைக்கச் சொல்ல வேண்டும். கெலோனேக்கு உடற்சூடு பிடிக்காது. முகத்தோல் போன்ற குளிர்ந்த இடத்தில் செழிப்பது அது. ஆறு வாரம் முடியாமல் ‘வளர்ச்சி இல்லை’ என்று முடிக்கக் கூடாது. நோய்க்குறியியல் மருத்துவரிடமும் ஏஎஃப்பி சாயத்தை மென்மையான அமிலம் கொண்டு செய்யச் சொல்ல வேண்டும். டிபிக்கான வழக்கமான முறையில் அமிலம் கடுமையாக இருந்தால் இந்த இனம் சாயத்தை இழந்துவிடும், இருந்தும் இல்லாததாகிவிடும். ஸ்மியர் பாசிட்டிவ், ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்று சேர்ந்து வந்தால் என்டிஎம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். ஸ்மியர் நெகட்டிவ் என்றால் ஒன்றும் முடிவாகவில்லை. மில்லிக்கு ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் கண்ணில் படும்.

நீங்கள் சாப்பிட்ட லீவோஃப்ளாக்சசினும் இதில் ஒரு தடை. அது மைக்கோபாக்டீரியாவைக் கொல்லாமல் கொஞ்சம் அடக்கி வைக்கும், கல்ச்சரில் வளரவிடாது. அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், டாக்சிசைக்ளின், லினசோலிட், அமிக்காசின் எல்லாம் இதே ரகம். கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பு நிதானமாக இருந்தால் பத்துப் பதினான்கு நாள் இடைவெளி விட்டு மாதிரி எடுப்பது நல்லது. காய்ச்சலோ, வேகமாகப் பரவும் சிவப்போ வந்தால் காத்திருக்கக் கூடாது, அன்றே எடுக்கட்டும். அதோடு சர்க்கரை, எச்ஐவி, ரத்த அணுக்கள், கிரியாட்டினின், கல்லீரல் சோதனை, மார்பு எக்ஸ்ரே இவற்றையும் முடித்துவிடுங்கள். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தச் சோதனை நார்மலாக வந்தால் நிம்மதிப்பட வேண்டாம். இந்த நோயில் அது பல நேரம் நார்மல்தான்.

இடது கன்னத்து உருண்டை வேறு கதை என்றே தோன்றுகிறது. ஏற்றிய கொழுப்பு எங்கெல்லாம் இரண்டு மூன்று மில்லிமீட்டரைவிடத் தடித்த உருண்டையாக விழுகிறதோ, அங்கே ஓரத்துச் செல் பிழைக்கும், நடுவில் உள்ளது மூச்சில்லாமல் சாகும். செத்த செல்லின் எண்ணெய் ஒன்றுசேர, உடம்பு அதைச் சுற்றி ஒரு பை கட்டும். அதுதான் எண்ணெய்க் கட்டி. அல்ட்ராசவுண்டில் ஓரம் தெளிவான, உள்ளே கருப்பான, ரத்த ஓட்டம் இல்லாத வட்டம். நாள்பட்டால் முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படியும். ஊசியில் உறிஞ்சினால் வருவது தெளிந்த மஞ்சள் எண்ணெய். அதில் ஒரு சொட்டைச் சலைன் கிண்ணத்தில் விட்டால் மினுமினுவென்று மேலே மிதக்கும். சீழோ கலங்கிக் கீழே இறங்கும். மேசையருகிலேயே முடியும் சோதனை இது. சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். உறிஞ்சுவதென்றால் இடது பக்கத்தை முதலில், தனி ஊசி, தனி கையுறையோடு முடித்துவிட்டுத்தான் வலது பக்கத்துக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் நல்ல கன்னத்துக்கும் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது போலாகும். அந்த உருண்டை சிவந்தாலோ, பெரிதானாலோ, வலித்தாலோ அதுவும் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும். இரண்டு கன்னத்தையும் பிசையாதீர்கள், பிதுக்காதீர்கள். ஆவி பிடிப்பது, ஃபேஷியல், லேசர் எதுவும் இப்போது கூடாது.

என்டிஎம் உறுதியானால் சிகிச்சை இரண்டு கால்களில் நிற்கும். ஒன்று, சீழையும் செத்த கொழுப்பையும் அறுவையில் சுத்தமாக எடுப்பது. இதைத் தள்ளிப்போட்டுவிட்டு மருந்தை மட்டும் நம்பினால் நாள்தான் இழுக்கும். இன்னொன்று, கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று காட்டும் உணர்திறன் சோதனையைப் பார்த்துக் குறைந்தது இரண்டு மருந்து. தனியாகக் கிளாரித்ரோமைசின் மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். அப்செஸ்ஸஸில் ஒரு சூழ்ச்சியும் உண்டு: சில வகைகளில் கிளாரித்ரோமைசினைச் சந்தித்தபின்தான் எதிர்ப்பு மரபணு விழித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் பார்த்தால் ‘மருந்து கேட்கும்’ என்றிருக்கும், பதினான்காம் நாள் பார்த்தால் ‘கேட்காது’ என்றாகியிருக்கும். அதனால் அந்த ஒரு மருந்துக்கு 14 நாள் வரை பார்க்கச் சொல்ல வேண்டும். இனத்தின் பெயரும் அதனால்தான் அவசியம்: ஃபார்ச்சூட்டம் என்றால் மாத்திரையிலேயே முடிய வாய்ப்புண்டு, அப்செஸ்ஸஸ் என்றால் முதல் சில வாரம் அமிக்காசின், இமிபெனம் அல்லது செஃபாக்சிட்டின் போன்ற ஊசிகள் தேவைப்படலாம். மொத்தம் நான்கிலிருந்து ஆறு மாதம். அமிக்காசின் போடும்போது காது கேட்கும் சோதனையும் கிரியாட்டினினும், லினசோலிட் சாப்பிடும்போது வாராவாரம் ரத்த அணுக்களும் பார்க்க வேண்டும். காதில் இரைச்சலோ, பாத எரிச்சலோ, பார்வை மங்கலோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். தொடங்கி முதல் மாதத்தில் புதிதாக ஒரு கட்டி எழுந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருந்தது மேலே வந்திருக்கலாம். அதிலிருந்தும் மாதிரி அனுப்பிப் பார்த்துத்தான் மருந்து கேட்கிறதா என்று முடிவு செய்வார்கள்.

கல்ச்சர் ஆறு வாரமும் முடிந்து எதுவும் வளராமல், பிசிஆரிலும் ஒன்றும் இல்லாமல், பயாப்ஸியில் செத்த கொழுப்பும் எண்ணெய்க் குழிகளைச் சுற்றிய கிரானுலோமாவும் மட்டும் இருந்தால், கொழுப்பு ஏற்றிய டாக்டர் சொன்னது சரியென்று ஆகும். அப்போது ஸ்டீராய்டைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன்னால் இல்லை.

கொழுப்பு ஏற்றிய இடத்துக்குக் கடிதம் எழுதி மூன்று விவரம் கேளுங்கள்: இரண்டு தேதியிலும் எத்தனை மில்லி எங்கே ஏற்றினார்கள், சேமித்த கொழுப்பு எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் இருந்தது, கேனுலா ஒருமுறை பயன்படுத்துவதா அல்லது மறுபடி சுத்தம் செய்ததா, எந்த முறையில். சண்டைக்கு வேண்டாம், சிகிச்சைக்கே இவை வேண்டும். உங்களுக்கு உறுதியானால் அதை அவர்களுக்குக் கட்டாயம் தெரிவியுங்கள். அதே வாரம், அதே ஃப்ரீசர், அதே குழாய் என்றால் இன்னும் யாரோ ஒருவர் ஒரு கட்டியோடு ஸ்டீராய்டு ஊசிக்குக் காத்திருக்கக்கூடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. முகத்தில் ஏற்றும்போதோ, முடிந்த உடனேயோ ஒரு கண் இருண்டாலோ, கண்ணில் சுளீர் என்று வலித்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ அது கொழுப்பு ரத்தக்குழாயில் போனதன் அடையாளம். நெற்றி நடு, மூக்கு, கன்னப்பொறி ஆகியவை ஆபத்தான இடங்கள். விழித்திரை ரத்தமில்லாமல் தாங்குவது ஏறத்தாழ 90 நிமிடம்தான். ஹயலுரானிக் ஃபில்லரைக் கரைக்க நொதி உண்டு, கொழுப்பைக் கரைக்க எதுவும் இல்லை. கிளினிக்கில் படுத்து ஓய்வெடுக்காமல் கண் மருத்துவமும் ஸ்ட்ரோக் சிகிச்சையும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பிட்டத்தில் ஏற்றியவர்களுக்கு மேசையிலேயோ முதல் சில மணி நேரத்திலேயோ மூச்சு முட்டினால் அது நுரையீரலுக்குக் கொழுப்பு போனதாக இருக்கலாம். தசைக்குள் ஏற்றினால் அங்குள்ள பெரிய சிரைகள் கிழிந்து கொழுப்பை இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் தோலுக்கடியில் மட்டும் ஏற்ற வேண்டும் என்று சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் 2018ல் ஒன்றாக எச்சரித்தன.

உங்கள் கடைசிக் கேள்வி: சரிசெய்ய முடியும். ஆனால் அவசரப்படக் கூடாது. மருந்து முடிந்து, அதன்பின் குறைந்தது ஆறு மாதம் ஒரு கட்டியும் எழாமல், அல்ட்ராசவுண்டில் குழி எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதுவரை அந்தக் கன்னத்தில் ஃபில்லரும் வேண்டாம்; உள்ளே ஒளிந்திருக்கும் கிருமிக்கு எந்த வெளிப்பொருளும் இருப்பிடம்தான். பிறகு கொழுப்பே வைப்பதென்றால் அன்று எடுத்து அன்றே ஏற்றும் கொழுப்பு, ஒருமுறை மட்டும் பயன்படும் கேனுலா, ஒரு இழுப்புக்கு 0.1 மில்லிக்கு மேல் போகாத மெல்லிய இழைகள், கண்ணுக்குக் கீழே அதிலும் குறைவு. மீந்த கொழுப்பை உங்கள் கண் முன்னால் குப்பையில் போடச் சொல்லுங்கள்.